சுரங்கத்தில் லாரி ஓட்டப் போகிறேன் என்கிறான் மகன்

சென்ற நோன்புப் பெருநாளன்று பகலுணவு முடிந்து, வந்த விருந்தினர் ஒவ்வொருவராக விடைபெற்றுச் சென்ற பின், என் தங்கை என்னைத் தனியே அழைத்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"அண்ணே, இவன் சொல்றதைக் கேட்டீங்களா? மேலே படிக்க மாட்டானாம். சுரங்கத்துல பெரிய லாரி ஓட்டப் போறானாம். மாமாவோட காலைத் தினமும் பாத்தும் இவனுக்கு எப்படி இந்த ஆசை வந்துச்சு?"

பிளஸ் டூ தேறிய அவள் மகன் சுவரோரம் நின்றிருந்தான். வீடளவு உயரமுள்ள மஞ்சள் நிற வாகனங்கள் செம்மண் பாதையில் ஊர்ந்து செல்லும் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து அவன் மனம் அதில் ஊன்றிவிட்டது. அவன் அத்தாவோ, "நம் வீட்டில் இன்னொரு டிரைவர் வேண்டாம்" என்ற ஒரே வாக்கியத்தோடு எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

தங்கை சொன்ன 'மாமா' எங்கள் தாய்மாமா. சேர்வராயன் மலையிலிருந்து பாக்சைட் கல்லை இறக்கி மேட்டூருக்குக் கொண்டு சேர்த்த லாரி ஓட்டுநர்களில் ஒருவர். வலக்கால் அரை அங்குலம் குறைவு. அந்தக் குறைவின் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். ஆகவே, பையனுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. அவருக்குத்தான் உண்டு என்று எண்ணி, மறுநாளே இருவரையும் அழைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் பேருந்து ஏறினேன். அன்று கேட்டதும், அதன் பின் நான் படித்தும் விசாரித்தும் அறிந்ததும் இக்கட்டுரை. நம் வீடுகளில் ஓட்டுநர் தொழிலை நாடும் பிள்ளைகள் குறைவில்லை. பெற்றோர் பலருக்கு இது பயன்படக்கூடும்.

மலையுச்சியில் கனிமம்

சேலம் நகரத்தின் தரைமட்டத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டால் 1500 மீட்டருக்குச் சற்று மேல். மலையின் உடல் 'சார்னோகைட்' எனப்படும் கரும்பாறை. கல்கத்தா நகரோடு தொடர்புடைய ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறையால் ஆனது என்பதால், 1893இல் நிலவியலறிஞர் ஹாலண்ட் இதற்கு அப்பெயரைச் சூட்டினார். இப்பாறை பன்னெடுங்காலம் மழையிலும் வெயிலிலும் சிதைந்து, கரைவன கரைந்து போக, அலுமினியச் சத்து மட்டும் மலையுச்சிச் சமதளங்களில் தொப்பி போலத் தங்கிவிட்டது. செந்நிறமான அந்தத் தொப்பியே பாக்சைட்.

காப்பிச் செடிக்காகத்தான் ஆங்கிலேயர் முதலில் இம்மலையை நாடினர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பியைக் கொணர்ந்தார். கனிமத்துக்காக லாரிகள் ஏறத் தொடங்கியது வெகு பின்னால். 1965இல் மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, நம்மவர் வாயில் 'மால்கோ', உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் அதற்குக் கல் போயிற்று. ஒரு டன் அலுமினியம் எடுக்க ஏறத்தாழ இரண்டு டன் அலுமினா வேண்டும். அதற்கு நான்கு டன்னுக்குக் குறையாமல் பாக்சைட் வேண்டும். அதாவது, நம் அடுப்படியில் இருக்கும் ஒவ்வொரு கிலோ அலுமினியப் பாத்திரத்துக்கும் எங்கோ ஒரு மலையிலிருந்து நான்கு கிலோ கல்லை ஒரு டிரைவர் இறக்கியிருக்கிறார்.

மலையடிவாரத்திலோ வேறொரு கனிமம். சேலத்தை ரயிலில் கடப்பவர்கள் வெள்ளை வெளேரென்ற குன்றுகளைக் கண்டிருப்பார்கள். சேலத்தார் 'வெள்ளைக்கல்' என்பர்; நூல்களில் மேக்னசைட். இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கான செங்கல் இதனால் ஆகிறது. அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கே 'மேக்னசைட் சந்திப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆக, மலைமேல் சிவப்புக் கல், மலையடியில் வெள்ளைக் கல். இரண்டுக்கும் நடுவே லாரிகள்.

மாமா 1966இல் பதினாறு வயதில் கிளீனராகச் சேர்ந்தார். டயரைத் தட்டிப் பார்ப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஏற்றத்தில் லாரி நின்றால் பாய்ந்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது ஆகியவையே வேலை. ஐந்து வருடம் கழித்து லைசென்ஸ். அதன் பின் பதின்மூன்று வருடம் மலை.

பேருந்து அடிவாரத்தைக் கடந்து முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது அவர் பேசத் தொடங்கினார். மொத்தம் 20 வளைவுகள். ஒவ்வொன்றையும் அவர் எண்ணாமலே அறிவார்.

"மருமகனே, ஏறுறது வேலை இல்ல. ஏறும்போது வண்டி நின்னுபோனா அவ்வளவுதான். இறங்குறதுலதான் உசிரு இருக்கு. எந்தக் கியர்ல ஏறுவியோ அந்தக் கியர்லதான் இறங்கணும். அதுக்கு மேல ஒரு கியர் போட்டாலும் வண்டி நம்ம பேச்சைக் கேக்காது."

இதன் உட்பொருளைப் பின்னர் கணக்கிட்டுப் பார்த்தேன். 15 டன் எடையுள்ள ஒரு லாரி 1200 மீட்டர் உயரத்தை இறங்கினால், அந்த உயரம் தந்த ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாகக் கழிய வேண்டும். அது ஏறக்குறைய 49 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றை இரண்டு பகல் இரண்டு இரவு இடைவிடாமல் எரிய விட்டால் எவ்வளவு சூடு வருமோ, அவ்வளவும் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதன் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால், அத்தனை சூடும் சக்கரத்தின் டிரம்மில் இறங்கும். டிரம் காய்ந்து, லைனிங் தன் பிடிமானத்தை இழக்கும். கால் மிதிக்கும், வண்டி நிற்காது. டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் வண்டியை உருள விடுபவன், மலையில் தன் கையாலேயே பிரேக்கைக் கழற்றி எறிந்தவனாவான்.

மாமாவுக்கு நேர்ந்ததும் அதுவே. ஆனால் குற்றம் அவர் காலில் இல்லை. 1984 ஐப்பசி மாதம், அடை மழை. லைனிங் தேய்ந்துவிட்டதென்று லாரி உரிமையாளரிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார். "இந்த வாரம் ஓட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று பதில். அந்த வாரம் முடியவில்லை. பனிமூட்டத்துக்குள் எதிரே ஏறி வந்த பேருந்துக்கு வழிவிட நிறுத்த முயன்றபோது வண்டி நிற்கவில்லை. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, ஒரு பக்கம் பாறைச் சுவர். ஸ்டீயரிங்கைப் பாறைப் பக்கம் ஒடித்தார். பேருந்து தப்பியது; கிளீனர் பையன் தப்பினான்; மாமாவின் கால் முறிந்தது. பதின்மூன்று வருடம் ஓட்டியும் அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நியமனக் கடிதம் இல்லை, வருங்கால வைப்புநிதி இல்லை, நட்ட ஈடும் இல்லை. அதன் பின் சேலத்தில் பஞ்சர் கடை வைத்துத்தான் நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார்.

பையன் இக்கதையை நூறு முறை கேட்டவன். ஆயினும் அந்த வளைவிலேயே அமர்ந்து கேட்டது அதுவே முதன்முறை. ஒன்றும் பேசாமல் ஜன்னல் வழியே பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிப்பரும் டம்பரும்

மாமா ஓட்டியது சாலை லாரி. பையன் ஓட்ட விரும்புவது வேறு சாதி. இந்த வேறுபாட்டை முதலில் அறிய வேண்டும்.

டிப்பர் என்பது பொதுச் சாலையில் ஓடத்தக்க, பின்புறப் பெட்டியை உயர்த்திக் கொட்டும் லாரி. பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் என்று நாம் நாள்தோறும் காண்பது. டம்பர் சுரங்கத்துக்குள்ளேயே பிறந்து சுரங்கத்துக்குள்ளேயே மடிவது. அதன் அகலமும் எடையும் எந்தப் பொதுச் சாலைக்கும் அடங்கா. பிரித்து எடுத்து வந்து சுரங்கத்திலேயே கோப்பார்கள். 1964இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பாரத் எர்த் மூவர்ஸ், கோலார் தங்கவயலில் சுரங்க இயந்திரங்களைச் செய்கிறது. 35 டன், 60 டன், 100 டன் சுமக்கும் டம்பர்கள் அதன் தயாரிப்பில் உண்டு. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குனிந்து வேலை செய்த கோலார் தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. இயந்திரத் தொழிற்சாலையோ அதே ஊரில் நிற்கிறது. சத்தீஸ்கரின் கெவ்ரா போன்ற நிலக்கரிச் சுரங்கங்களில் 240 டன் டம்பர்கள் ஓடுகின்றன. உலகின் மிகப் பெரியதாக 2013இல் பெலாரஸ் நாட்டில் செய்யப்பட்ட வாகனம் 450 டன் சுமக்கும். மாமாவின் பழைய லாரிகளில் நாற்பதுக்கு மேற்பட்டவற்றின் பாரத்தை அது ஒருமிக்கத் தூக்கிவிடும்.

இவ்வளவு பெரிய வாகனத்தை ஓட்டுவது வீரதீரச் செயல் என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள். உள்ளபடி பார்த்தால் அது பொறுமையின் வேலை. ஏற்றும் இடத்தில் நிற்க வேண்டும், சொன்ன வேகத்துக்குள் போக வேண்டும், கொட்ட வேண்டும், திரும்ப வேண்டும். எட்டு மணி நேரமும் அதே பாதை. ஓட்டுநர் இருக்கை மாடிவீட்டுப் பால்கனி போன்ற உயரத்தில் இருப்பதால், முன்னாலும் வலப்புறத்திலும் வாகனத்தை ஒட்டி நிற்கும் ஜீப்பைக்கூட அவரால் காண முடியாது. சுரங்கத்து ஜீப்புகள் உயரமான கம்பத்தில் கொடி கட்டி ஓடுவது இதற்காகத்தான். பின்னால் நகரும்போது மணி ஒலிக்க வேண்டும். வழிகாட்டுபவர் கை காட்டாமல் நகரக்கூடாது.

கொட்டும் விளிம்பு இன்னோர் ஆபத்து. மண் புதிதாகக் கொட்டிய இடம் பார்வைக்குக் கெட்டியாக இருக்கும். பாரம் ஏறியதும் சரியும். ஆகவேதான் விளிம்பில் மண்வரப்பு எழுப்புகிறார்கள். அங்கே ஓடும் மிகப் பெரிய வாகனத்தின் அச்சு உயரத்துக்குக் குறையாமல் அந்த வரப்பு இருக்க வேண்டுமென்பது அமெரிக்கச் சுரங்க விதி. சரிந்த தரையில் பெட்டியை உயர்த்தினால் வாகனமே கவிழும். உயர்த்திய பெட்டியை இறக்க மறந்து நகர்ந்து, மேலே செல்லும் மின்கம்பியில் மாட்டி உயிரிழந்தவர்களும் உண்டு.

சுரங்கப் பாதையின் சரிவையும் அகலத்தையும் டிரைவர் தீர்மானிப்பதில்லை. நீண்ட பாதைகளில் 16 அடி தூரத்துக்கு ஓர் அடிக்கு மேல் ஏற்றம் கூடாது என்பது இங்கு பொதுவாகக் கொள்ளும் அளவு. மேலும் ஒன்று கவனிக்கத் தக்கது. குழியாகத் தோண்டும் சுரங்கத்தில் லாரி வெறுமையாக இறங்கிப் பாரத்துடன் ஏறுகிறது. சேர்வராயன் மலை போன்ற உச்சிச் சுரங்கத்தில் இது தலைகீழ்: வெறுமையாக ஏறிப் பாரத்துடன் இறங்க வேண்டும். இதனால் இங்கே பழகியவனுக்கு வேறெந்தச் சுரங்கமும் எளிது என்பது மாமாவின் பெருமிதம். அதில் உண்மை இல்லாமலில்லை.

பயிலும் வழி

பையனுக்கு வயது 18. சுரங்கத்தில் 18 வயதுக்குக் குறைந்தவர் வேலை செய்யக்கூடாது என்பது பழைய சுரங்கச் சட்டத்திலிருந்தே வரும் வரம்பு. 1952ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் இடத்தை 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் 18 நிரம்பிவிட்டது என்பதால் நாளையே கனரக வாகனத்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிரம்ப வேண்டும். அதற்கு முன் இலகுரக வாகன லைசென்ஸ் பெற்று ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும். அதன் பின்னரே பழகுநர் உரிமம் கிடைக்கும். முன்பு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றொரு விதி இருந்தது. 2019இல் அதை நீக்கிவிட்டார்கள். போக்குவரத்து வாகன லைசென்ஸின் ஆயுளும் அதே ஆண்டில் மூன்றிலிருந்து ஐந்து வருடமாயிற்று. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நாம் பேசும் வாகனங்கள் அந்த எடையைக் கண்டு சிரிக்கும்.

சுரங்க எல்லைக்குள்ளேயே ஓடும் டம்பருக்கு எதற்காக ஆர்.டி.ஓ. லைசென்ஸ் என்று பையன் கேட்டான். நல்ல கேள்விதான். அங்கே டம்பரை இயக்க வேண்டுமானால் சுரங்க மேலாளர் எழுத்து மூலம் அங்கீகரிக்க வேண்டும். வெறும் லைசென்ஸ் போதாது. ஆனால் அந்த அங்கீகாரத்துக்கான வரிசையில் நிற்கவே கனரக லைசென்ஸும் சில வருட அனுபவமும் கேட்கிறார்கள். புதிதாகச் சேர்பவருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு: கண், காது, நெஞ்சு எக்ஸ்ரே. 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள், புதியவர் பயிற்சி பெற்ற பின்னரே வேலையில் அமர்த்தப்பட வேண்டும் என்று விதித்தன. நிறப்பார்வைக் குறை இருந்தால் சிக்கல் வரலாம். கண்ணை இப்போதே பரிசோதித்துவிடுங்கள். லைசென்ஸுக்குப் பணம் கட்டிய பின்பு தெரிந்து வருந்த வேண்டாம்.

அப்படியானால் 20 வயது வரை என்ன செய்வது? மாமாவின் காலத்தில் கிளீனராகப் போனார்கள். அடியும் வசவும் வாங்கித் தொழில் கற்றார்கள். இன்று அதற்கு அவசியமில்லை. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவு இருக்கிறது. எஞ்சினையும் பிரேக்கையும் பிரித்துப் பூட்டக் கற்றவன் பின்னாளில் ஓட்டுநரானால், வண்டியின் முனகலை வைத்தே நோயைச் சொல்வான். சுரங்கத்தில் அத்தகையவனுக்கு மதிப்பு அதிகம். முதுகு தாங்காத வயதில் பணிமனைக்கு மாறிக்கொள்ளவும் வழியிருக்கிறது. கனரக ஓட்டுநர் பயிற்சிக்கு, தமிழக அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறது. லாரித் தொழிலின் தலைநகரான நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் பயிற்சி நிலையம் உண்டு. மூலைக்கொரு டிரைவிங் ஸ்கூலில் பத்து நாள் பழகி லைசென்ஸ் வாங்குவதைவிட இத்தகைய இடத்தில் சேர்வது நல்லது. என் சொந்தக் கருத்தைச் சொல்வதானால், ஓட்டுநர் பயிற்சிக்குக் கஞ்சத்தனம் பார்க்கும் குடும்பம் பின்னால் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறது.

வேலை எங்கே இருக்கிறது?

ஏற்காட்டில் இல்லை. மால்கோவை 1995இல் ஸ்டெர்லைட் குழுமம் வாங்கியது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் மேட்டூரில் அலுமினிய உற்பத்தி நிறுத்தப்பட்டது. மலையிலிருந்து கல் இறங்குவதும் அத்தோடு ஓய்ந்தது. கல் லாரியை நம்பியிருந்த ஓட்டுநர்கள் பலர் வெளியூர் லாரிகளுக்கு மாறினர். மலைவாசிகளான மலையாளி இன மக்களோ, தங்கள் மலை மூச்சு விடுகிறது என்று மகிழ்ந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். உச்சித் தொப்பியைச் சீவினால் அதில் ஊறும் தண்ணீரும் குறையும் அல்லவா? ஒரு வீட்டுக்குச் சோறு போட்ட சுரங்கம் இன்னொரு வீட்டின் கிணற்றை வற்றச் செய்யக்கூடும். மாமாவிடம் இதைக் கேட்டேன். "அப்ப அதெல்லாம் நினைச்சுப் பாக்கல" என்றார். அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் நெய்வேலி இருக்கிறது. ஆனால் அங்கே பழுப்பு நிலக்கரியையும் மேல்மண்ணையும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் வெட்ட, பெரும்பகுதி கன்வேயர் பெல்ட்டிலேயே போய்விடுகிறது. ஓட்டுநருக்கு இடமுண்டு என்றாலும், சுரங்கத்தின் அளவுக்கு இல்லை. அரியலூர்ப் பகுதியில் சிமெண்டு ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன. கிரானைட் குவாரிகள் பல மாவட்டங்களில் உண்டு. பெரிய டம்பர்தான் வேண்டுமென்றால் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் என்று வடக்கே போக வேண்டும். இந்தி பேசக் கற்றுக்கொள்வது அங்கே இன்னொரு லைசென்ஸ்.

நம் வீடுகளில் பலரின் எண்ணம் வளைகுடா நோக்கியே ஓடும். ராஸ் அல் கைமாவில் மிகப் பெரிய கல்குவாரிகள் இருக்கின்றன. சவூதி அரேபியாவின் அல் பஇதா என்ற இடத்தில் 2014 முதல் பாக்சைட் வெட்டி, பாலைவனத்தின் குறுக்கே ரயிலில் கிழக்குக் கடற்கரைக்கு அனுப்புகிறார்கள். சேர்வராயன் மலைக் கல்லின் உறவினர் அங்கே! ஆனால் நமது லைசென்ஸைக் காட்டினால் மட்டும் அங்கே கனரக வாகனம் தர மாட்டார்கள். உள்ளூர்த் தேர்வு உண்டு. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வழியாகவே போக வேண்டும். அவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். லட்சங்களில் பேசுகிறவரிடமும், "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறவரிடமும் ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சொந்தமாக டிப்பர் வாங்கி ஓட்டினால் அதிகம் சம்பாதிக்கலாமே என்ற ஆசை விரைவிலேயே வரும். வட்டிக்குக் கடன் வாங்கி வாகனம் எடுத்தவர், தவணைக்காக இரவிலும் ஓட்டுகிறார். பாரத்தையும் அனுமதிக்கு மேல் ஏற்றுகிறார். தேய்ந்த லைனிங்கை அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார். மாமாவின் காலை முறித்தது அந்த 'அடுத்த வாரம்' தான். வட்டியிலிருந்து விலகி நிற்பது இங்கே உயிரையும் காக்கிறது.

இயந்திரமே தன்னை ஓட்டிக்கொள்ளும் காலமும் வந்துவிட்டது. 2008 முதல் சிலி நாட்டின் செம்புச் சுரங்கத்திலும் ஆஸ்திரேலியாவின் இரும்புச் சுரங்கங்களிலும் ஓட்டுநரில்லா டம்பர்கள் ஓடுகின்றன. பையன் கைப்பேசியில் கண்டு மயங்கிய வாகனங்களில் சிலவற்றில் ஆளே இல்லை என்று நான் சொன்னபோது அவன் முகம் வாடிற்று. நம் நாட்டில் அது பரவ நாளாகலாம். ஆனால் முப்பது வருடத் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் ஒருவன் இதை எண்ணாமலிருக்க முடியாது. மெக்கானிக் படிப்பை நான் வற்புறுத்துவதற்கு இது இன்னொரு காரணம். ஓட்டுநரில்லாத வண்டிக்கும் பிரேக் தேயும்.

பெண்பிள்ளைகள் இவ்வேலைக்கு வருகிறார்கள் என்றால் பலர் நம்புவதில்லை. ஜார்க்கண்டின் நோவாமுண்டி இரும்புச் சுரங்கத்தில் 2019 முதல் எல்லா ஷிஃப்டுகளிலும் பெண்கள் பணிபுரிகிறார்கள். கனரக இயந்திரம் இயக்கவும் அங்கே பெண்களுக்குப் பயிற்சி தந்தார்கள். முரட்டுக் கை தேவைப்படும் தொழில் என்ற பழைய எண்ணம் பவர் ஸ்டீயரிங்கோடு போய்விட்டது.

கேட்டு வாங்க வேண்டியவை

நம் பிள்ளைகள் பெரும்பாலும் சேர்வது ஒப்பந்தக்காரரிடம்தான். முதல் நாளே வெட்கப்படாமல் கேட்க வேண்டும். நியமனக் கடிதம் எங்கே? வருங்கால வைப்புநிதி எண் என்ன? விபத்து நேர்ந்தால் ஈட்டுத்தொகைக்கான காப்பீடு உண்டா? தினமும் வண்டி எடுக்கும் முன் பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு, பின்னோக்கு மணி ஆகியவற்றைச் சோதித்து எழுதும் புத்தகம் இருக்கிறதா? குறையை எழுதிக் கையொப்பமிட்ட பின்பும் ஓட்டச் சொன்னால் மறுக்க வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போயிற்று என்பதை மாமாவின் காலே சொல்லும். எழுதியதை யாரும் எளிதில் அழிக்க முடியாது.

உடம்புக்கு வரும் கேடு மெல்ல வரும். பாறைத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிக் கல்லாக்கிவிடும் சிலிகோசிஸ் நோய்க்கு மருந்தில்லை; கிரானைட் குவாரியில் இந்த அச்சம் அதிகம். ஏ.சி. உள்ள கேபினில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுவது சொகுசுக்காக அன்று. எஞ்சின் இரைச்சல் காதை மந்தமாக்கும். குலுக்கல் இடுப்பெலும்பைத் தேய்க்கும். ஷிஃப்டு முறையில் தூக்கம் கெடும். நோன்புக் காலத்தில் பகல் ஷிஃப்டில் ஓட்டுவோர், ஸஹருக்குப் பின் இரண்டு மணி நேரமாவது உறங்கிவிட்டுப் போக வேண்டும். அல்லது அம்மாதத்துக்கு ஷிஃப்டை மாற்றித் தரும்படி முன்கூட்டியே கேட்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குக் கண் அயர்வது நோன்பாளிக்கும் நோன்பில்லாதவருக்கும் ஒன்றே. நூறு டன் வாகனத்தில் அரை நொடி உறக்கமும் அதிகம்.

இவையெல்லாம் பேசி முடிய ஏற்காடு ஏரிக்கரையில் அஸர் நேரமாகிவிட்டது. தொழுது தேநீர் அருந்திவிட்டுக் கடைசிப் பேருந்துக்கு முந்திய பேருந்தில் இறங்கினோம். மாமா பையனை ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் அமர்த்தித் தாம் பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ணை மூடிக்க. சத்தத்தை மட்டும் கேளு. எப்ப கியர் மாத்துறாருன்னு சொல்லு" என்றார். மேலேயிருந்து வரும்போது இருபதாவது வளைவுதான் முதலில் வரும். பையன் மூன்று வளைவுகளில் தவறினான். பதினான்காவது வளைவில், ஓட்டுநர் கிளட்ச்சை மிதிக்கும் முன்பே, "இப்ப மாத்துவாரு" என்றான்.

கீழிருந்து ஏறி வந்த ஒரு லாரிக்கு வழிவிட்டு எங்கள் பேருந்து ஓரம் நின்றது. மலைச்சாலையில் இடம் போதாதபோது இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். மாமா அந்த லாரியின் டயரைக் குனிந்து பார்த்து, "பின்சக்கரத்துல ஒண்ணு மொட்டையாயிடுச்சு" என்றார், தமக்குத் தாமே.

வீடு திரும்பியதும் தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பையனிடம் நீட்டி, "ஐ.டி.ஐ. விண்ணப்பத்துக்கு" என்றார். "ரெண்டு வருஷம் கழிச்சு, லைசென்ஸுக்கு நான் உயிரோட இருந்தா நானே கூட வர்றேன்."

தங்கை இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய மாற்றுச் சான்றிதழை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தவள் அவள்தான்.